பயன் கேளாத படிப்பு

முதியவர்களுக்கும் கல்வி வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வாக்கியத்தின் அடியில் ஒரு தயையின் தொனி ஓடிக்கொண்டிருப்பதை வெகுநாளாகக் கேட்டு வருகிறேன். அதில் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், தாயையும் தகப்பனையும் அருமையாக வைத்துப் பராமரிக்கிறவர்கள். உத்தியோகத்திலிருந்து விலகி, பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் நிலைபெற்றுவிட, காலையில் பத்திரிகையும் மாலையில் கோயிலுமாக நாளைக் கடத்துகிற பெரியவர் ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் பொழுது நன்றாகப் போகும், நாலு பேரோடு பேசினால் மனசு தெம்பாக இருக்கும், வீட்டிலும் சச்சரவு குறையும் என்று அவர்கள் கருதுகிறார்கள். கருத்து நியாயமானதுதான். ஆயினும் அதைக் கேட்டு முடித்த பின்பு எனக்குள் ஏதோ ஒன்று சமாதானமடையாமலே நிற்கிறது. 18 வயதுப் பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கும்போது, பொழுது போகும், போய்வா என்று எந்தத் தகப்பனும் சொல்வதில்லை. ஒரே பாடத்தை, ஒரே புஸ்தகத்திலிருந்து, ஒரே போதகாசிரியரிடம் இருவர் கேட்கும்போது, ஒருவருக்கு அது வித்தை என்றும் மற்றவருக்கு அது பகலைத் தள்ளும் உபாயம் என்றும் எந்த நியாயத்தைக் கொண்டு பிரித்தோம்? கற்கப்படுகிற பொருளில் பேதம் இல்லை. கற்கிறவரின் ஆர்வத்திலும், பல சமயங்களில், பேதம் பெரியவரின் பக்கமே சாய்கிறது. பின் எதில் பேதம்? ஒருவரிடமிருந்து உலகம் ஒரு பயனை எதிர்பார்க்கிறது, மற்றவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதில்தான். எதையும் எதிர்பார்க்காமையைத்தான் நாம் தயை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் தோன்றிய நாளிலிருந்து, அந்த ஐயத்தை ஒதுக்கிவைக்க இயலாமல் இருக்கிறேன்.

சமீப காலத்தில் இந்தத் தயைக்கு வைத்திய சாஸ்திரத்தின் துணையும் கிடைத்திருக்கிறது. புதிய பாஷை ஒன்றைக் கற்றால் ஞாபகசக்தி நீடிக்கும், கணக்குப் போட்டால் மூளை துருப்பிடிக்காது, கூடிப் பேசினால் மனச்சோர்வு அண்டாது என்று சொல்லி முதியோரை வகுப்புக்கு அழைக்கிறார்கள். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அறிந்து சொல்லட்டும். என் மனம் உறுத்துவது வேறோர் இடத்தில். கல்வியை வேளைக்கு ஒரு அவுன்ஸ் கஷாயமாக அளந்து கொடுக்கத் தொடங்கினால், நோய் தீர்ந்தவனுக்கு அது வேண்டாததாகவும், நோய் தீராது என்று தெரிந்தவனுக்கு வீண்செலவாகவும் ஆகிவிடும். மேலும், சம்ஸ்கிருதமோ வானசாஸ்திரமோ கற்க உட்கார்ந்த ஒருவர், தாம் கற்பதில் மனத்தைச் செலுத்துவாரா, அல்லது கற்பதனால் தம் மூளைக்கு என்ன ஆகிறது என்று தம்மையே கவனித்துக்கொண்டிருப்பாரா? கற்றலின் ஆனந்தம் நம்மை மறப்பதில் இருக்கிறது. ஒரு நல்ல சூத்திரத்தின் முன்னால், பழைய சிற்பம் ஒன்றின் தோள்வளைவின் முன்னால், ஒருவர் தம் வயதையும் மூட்டுவலியையும் வங்கிக் கணக்கையும் மறந்து நிற்கும் அந்த ஒரு க்ஷணத்தை, இதனால் உமக்கு இன்ன நன்மை என்று சொல்லி நாம் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். வாலிபனிடம் சம்பளத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வதும், வயோதிகரிடம் ஆரோக்கியத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வதும் ஒரே மனப்பான்மையின் இரண்டு முகங்கள்; இரண்டிலும் கல்வி வேறெதற்கோ ஏவலாள்.

இவ்விஷயத்தில் முதலில் துணிந்தவர்கள் யார் என்று பார்க்கும்போது, 1973இல் பிரான்ஸின் தென்பகுதியிலுள்ள தூலூஸ் நகரத்துக்குப் போய்ச் சேருகிறோம். அங்கே பியர் வெல்லாஸ் என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்று தம்முடைய சர்வகலாசாலையின் கதவைத் திறந்துவிட்டார். முன்தகுதி கேட்கவில்லை, பரீட்சை வைக்கவில்லை, பட்டம் தரவும் இல்லை. உத்தியோகக் காலம் முடிந்தபின் வரும் வாழ்க்கைப் பகுதியைக் குறித்து, மூன்றாம் பருவத்தின் சர்வகலாசாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவின் பிற நகரங்களும் இதைப் பின்பற்ற, 1975இல் இவற்றுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே ஏற்பட்டுவிட்டது. உயர்ந்த கூரையும் படிப்படியாய் ஏறும் ஆசனங்களுமுள்ள அந்தப் பெரிய உபந்நியாச மண்டபங்களில், வாழ்நாளெல்லாம் கடையிலும் காரியாலயத்திலும் அடுக்களையிலும் கழித்தவர்கள் முதல்முறையாக உட்கார்ந்து, குறிப்புப் புஸ்தகத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கையில் மனம் நெகிழ்கிறது. ஆயினும், நெகிழ்ந்த மனத்தோடு சற்று நேரம் அங்கேயே நின்று கவனித்தால் ஒரு குறை தென்படுகிறது. பேராசிரியர் பேசுகிறார், பெரியவர்கள் கேட்கிறார்கள். அறுபது வருஷத்து அநுபவம் முழுவதும் அந்த ஆசனங்களில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறது. கொடுப்பவர் ஒரு பக்கமும் கொள்பவர் மறுபக்கமும் என்ற ஏற்பாடு மாறவில்லை. கொள்பவரின் வயது மாத்திரமே மாறியிருக்கிறது.

அந்தக் குறையைக் கண்டவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட் என்ற சரித்திர ஆசிரியரும், மைக்கேல் யங் என்ற சமூக சாஸ்திரியும், எரிக் மிட்விண்டர் என்ற கல்வியாளரும் சேர்ந்து இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை முற்றிலும் மாற்றினார்கள். அவர்களுடைய ஏற்பாட்டில் ஆசிரியர் என்றொரு தனி ஜாதி கிடையாது. கற்கிறவர் கற்பிக்கவும் வேண்டும், கற்பிக்கிறவர் கற்கவும் வேண்டும் என்பதே அதன் ஆதார விதி. தோட்டக்கலை அறிந்தவர் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் இத்தாலிய பாஷையின் முதற்பாடத்துக்குப் போய் உட்காருவார். இன்று அந்நாட்டில் அத்தகைய குழுக்கள் 1,000க்கு மேல் இருக்கின்றன; அங்கத்தினர் தொகை லட்சக்கணக்கில் உள்ளது. லாஸ்லெட்டும் யங்கும் 1915இல் பிறந்தவர்கள். ஆகவே இந்த ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது தாங்களே அந்தப் பருவத்தின் வாசலில் நின்றவர்கள். யங்கைப் பற்றி நினைக்கும்போது ஒரு விஷயம் என்னை ஆழ்ந்து யோசிக்க வைக்கிறது. பரீட்சையினாலும் மதிப்பெண்ணினாலும் மனிதர்களைத் தரம் பிரித்து மேலும் கீழும் அடுக்கிவைக்கும் சமூகம் எத்தகைய கொடுமைக்குப் போய் முடியும் என்று எச்சரித்து, 1958இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதியவர் அவர். தகுதிக்குரியோரே ஆளவேண்டும் என்னும் கொள்கைக்கு அந்நூலில் அவர் கொடுத்த பெயரை, அவர் கண்டித்தார் என்பதையே மறந்து, உலகம் பிற்காலத்தில் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டுவிட்டது. அப்படிப்பட்டவர் 23 வருஷங்களுக்குப் பிறகு, மதிப்பெண் என்பதே இல்லாத ஒரு சர்வகலாசாலைக்கு அஸ்திவாரம் போட உட்கார்ந்தார். இளமையில் மனிதனை எடை போட்டு விலை வைத்தாகிவிட்டது. அந்தத் தராசு அவனைக் கைவிட்ட பிறகாவது எடை போடப்படாமல் கற்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது, முதியவர்களிடத்தில் முதலில் நிலைநாட்டினால், என்றாவது ஒருநாள் அந்தச் சுதந்திரம் இளையவர்களுக்கும் வந்து சேரும் என்ற நம்பிக்கையாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதாகச் சொன்னதுவே பிடித்திருக்கிறது.

ஆனால் இங்கேயும் மனம் முழுதும் ஓய்ந்துவிடவில்லை. ஆங்கிலேயர் அமைத்த குழுக்கள் சர்வகலாசாலை என்ற பெயரை வைத்துக்கொண்டு, உண்மையான சர்வகலாசாலைகளின் மதிலுக்கு வெளியே, மாதாகோயில் மண்டபங்களிலும் பொது நூல்நிலையங்களிலும் அங்கத்தினர் வீட்டுக் கூடங்களிலும் கூடுகின்றன. பிரெஞ்சுக்காரரின் ஏற்பாட்டில் பெரியவர்களுக்குப் பொறுப்பு இல்லை. ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் பொறுப்பு இருக்கிறது, ஆனால் வாலிபர் இல்லை. பெரியவர்கள் பெரியவர்களுக்கே கற்பித்து, பெரியவர்களிடமே கற்று, தங்களுக்குள்ளேயே ஓர் இனிய உலகத்தை அமைத்துக்கொண்டார்கள். அந்த உலகத்துக்கு ஒரு நிம்மதி உண்டு. காது கேளாதவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை, பெயர் மறந்தவரைப் பார்த்து யாரும் புருவத்தைச் சுருக்குவதில்லை. இருந்தும், இளையவர் ஒருவர்கூட இல்லாத கூட்டத்தில் சொல்லப்படுகிற அறிவு, சொல்லப்பட்ட அந்த இடத்திலேயே தங்கிவிடுமே என்ற கவலை எனக்கு உண்டு. ஒரு குடும்பத்தில் பாட்டி தன் கதைகளை வேறு பாட்டிமாருக்கே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் கதைகளின் கதி என்ன?

ஜெர்மனியில் வேறொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அங்கே சர்வகலாசாலைகளில் சிறு கட்டணம் செலுத்தி, பட்டத்துக்கென்று பதிவு செய்துகொள்ளாமலே, வழக்கமான வகுப்புகளில் அமர்ந்து கேட்க அநுமதி உண்டு. இப்படிக் கேட்க வருகிறவர்களில் பலர் 60ஐ எட்டியவர்கள். அவர்கள் மிகுதியாக விரும்பித் தேர்ந்துகொள்வது சரித்திரம். இந்தத் தேர்வைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் போதவில்லை. தாம் வாழ்ந்து கடந்த காலத்தைப் பற்றிப் பிறர் எழுதியிருப்பதைக் கேட்பதற்கு, அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர் எதற்காகப் போய் உட்காருகிறார்? யுத்தத்தின் முடிவில் குழந்தையாக இருந்து, இடிந்த தெருக்களில் செங்கல் பொறுக்கியவர், அந்த வருஷத்தைப் பற்றி முப்பது வயதுப் பேராசிரியர் கரும்பலகையில் தேதிகளை எழுதும்போது என்ன எண்ணுவார்? நான் அங்கே இருந்தேன் என்று எழுந்து சொல்லத் தோன்றும். சொல்லவும் கூடும், சொன்னால் வகுப்பு ஒரு நிமிஷம் அவர் பக்கம் திரும்பும். ஆனால் அவர் உண்மையில் கற்க ஆரம்பிப்பது அதற்குப் பிற்பாடு, தம்முடைய தெருவுக்கு அடுத்த தெருவில் நடந்தது தமக்குத் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொள்ளும்போதுதான். அநுபவம் ஒரு ஜன்னல் வழியே கண்ட காட்சி. அந்த ஜன்னலை விட்டு எழுந்து வெளியே வந்து பார்ப்பதற்கு, வாலிபர்களுக்குத் தேவைப்படாத ஒரு தைரியம் முதியவர்களுக்குத் தேவைப்படுகிறது. தம் வாழ்க்கை எதனால் இப்படி அமைந்தது, தாம் தெரிவு செய்ததாக நினைத்தவற்றுள் எத்தனை பிறரால் முன்பே தெரிவு செய்யப்பட்டவை என்பதைப் புஸ்தகம் காட்டிக்கொடுக்கும் அந்த நேரம் சுகமானதல்ல. இத்தகைய கல்வியைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம்முடைய மண்ணிலும் இதற்கு இடமுண்டு. 1965 ஜனவரியில் ஹிந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து அண்ணாமலை சர்வகலாசாலை மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய சிலை இன்றும் அங்கே நிற்கிறது. அந்தக் கிளர்ச்சியின் ஊர்வலத்தில் 20 வயதில் நடந்தவர் இப்போது 80ஐ எட்டியிருப்பார். அந்தக் கிளர்ச்சியைப் பற்றி இன்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற மாணவிக்கு அவருடைய ஞாபகம் வேண்டும். அவருக்கோ, தாம் முழக்கமிட்டுச் சென்ற அந்த நாளில் சட்டசபையிலும் டில்லியிலும் பிற ஜில்லாக்களிலும் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்று அந்த மாணவி சேகரித்துவைத்திருக்கும் அறிவு வேண்டும். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இருவரும் மாணாக்கர். அப்படி உட்காருவதற்கு ஒரு மேஜையை எந்த வகுப்பறையில் போட்டிருக்கிறோம்?

தொண்டு என்ற விஷயத்துக்கு வரும்போது என் நெருடல் இன்னும் கூர்மையடைகிறது. ஓய்வு பெற்றவர்கள் சர்வகலாசாலைகளுக்கு இலவசமாக ஊழியம் செய்யலாம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் மனத்தில் இருப்பது, வந்தவர்களுக்கு வழி காட்டுவதும், விழாவில் பன்னீர் தெளிப்பதும், நூல்நிலையத்தில் புஸ்தகங்களைத் தூசு தட்டுவதும். கூலி கொடுத்து ஒருவரை வைக்க வேண்டிய இடத்தில், கூலி கேளாத ஒருவரை வைத்துவிடுவதும் தொண்டு என்ற பெயரில் நடந்துவிடலாம். அப்போது ஒரு பெரியவரின் நல்லெண்ணம், வேலை தேடும் ஓர் இளைஞனின் சோற்றில் கை வைத்ததாக ஆகிவிடும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் துணைநின்று நடத்திய ஒரு முயற்சியில், 60 வயதைக் கடந்தவர்கள் ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்று, வாரத்தில் 15 மணி நேரமாவது ஏழைக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். செய்தது மேலான காரியம். ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளின் படிப்போடு பெரியவர்களின் தேகநிலையையும் ஞாபகசக்தியையும் அளந்தார்கள். அளந்ததில் தவறில்லை. ஆனால், ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் ஓட்டுகிற கிழவிக்கு, அந்த வேளையில் தன் தேகநிலை ஒரு பொருட்டாக இருந்திராது என்றே நினைக்கிறேன். இதில் அந்தக் குழந்தையின் வாய் திறந்து ஒரு சொல் முழுசாக வெளிவந்ததைக் காட்டிலும் பெரிய அளவுகோல் வேண்டியதில்லை.

தொண்டு எப்போது கௌரவம் பெறுகிறது என்பதற்கு, லாஸ்லெட்டின் வாழ்க்கையிலேயே எனக்கு ஒரு விடை கிடைத்தது. மூன்றாம் பருவத்தைப் பற்றி அவர் பேசுவதற்கு வெகுகாலம் முன்பே, 1964இல், ரிக்லி என்பவரோடு சேர்ந்து கேம்பிரிட்ஜில் ஜனத்தொகையின் சரித்திரத்தை ஆராய ஒரு குழுவை அமைத்திருந்தார். பழங்காலத்து இங்கிலாந்தில் மக்கள் எத்தனை பேர், எந்த வயதில் மணந்தார்கள், எந்த வயதில் மாண்டார்கள் என்பதை அறியக் கணக்கெடுப்பு ஏதும் இல்லாத நூற்றாண்டுகள் அவை. இருந்ததெல்லாம் ஊருக்கு ஊர் மாதாகோயிலில் பாதிரியார் எழுதிவைத்த பதிவேடுகள்: ஞானஸ்நானம், விவாகம், அடக்கம். ஒரு சிறு ஆராய்ச்சிக் கூட்டம் இவற்றையெல்லாம் புரட்டிப் பார்ப்பது அசாத்தியம். ஆகவே உள்ளூர்ச் சரித்திரத்தில் பிரீதியுள்ள சாதாரண ஜனங்களை நோக்கி வேண்டுகோள் விடப்பட்டது. நாடெங்கும் பலர் முன்வந்தார்கள். ஈரமும் மெழுகுவர்த்தி வாடையும் கலந்த அறைகளில், மங்கிப்போன மசியில், புரியாத கையெழுத்தில் எழுதப்பட்டிருந்த பெயர்களின்மேல் விரலை ஓட்டி, மாசத்துக்கு மாசம் இத்தனை பிறப்பு, இத்தனை சாவு என்று எண்ணிப் படிவங்களில் குறித்து அனுப்பினார்கள். அப்படி வந்துசேர்ந்த 404 ஊர்களின் கணக்கைக் கொண்டு, 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் ஜனத்தொகைச் சரித்திரம் 1981இல் ஒரு மகாகிரந்தமாக வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் மூன்றாம் பருவத்தின் சர்வகலாசாலை பிறந்ததும் அதே வருஷம். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டம் பெறாதவர்களின் கையும் கண்ணும் பொறுமையும் இல்லாமல் தம்முடைய சாஸ்திரம் ஓரடியும் நகர்ந்திராது என்பதை அநுபவத்தில் அறிந்த ஒருவரால்தான், கற்கிறவரே கற்பிக்கவும் வேண்டும் என்று விதி எழுத முடியும். அந்தத் தொண்டர்களிடம் சர்வகலாசாலை தயை காட்டவில்லை. அவர்களுடைய உதவியை நாடிற்று. நாடுவதற்கும் தயை காட்டுவதற்கும் உள்ள தூரமே நான் இத்தனை நேரம் சொல்ல முயன்றுகொண்டிருக்கும் விஷயம்.

நம்முடைய சர்வகலாசாலைகள் நாட வேண்டியவர்கள் இந்த நிமிஷத்தில் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அப்போது இளைஞராக அந்தப் பதவியில் இருந்தவர் இன்று 70ஐத் தாண்டியிருப்பார். பழைய அடங்கலையும் கிரயப் பத்திரத்தையும் கண்ட மாத்திரத்தில் வாசித்து, மாகாணியும் முந்திரியும் தமிழ் எண்களில் எழுதப்பட்டிருப்பதைக் கூட்டிக் கழித்து, வேலிக் கணக்கையும் குழிக் கணக்கையும் ஏக்கராக மாற்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சரித்திரத்தில் முதுகலை படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காகிதத்தை நீட்டினால், எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதே தெரிவதில்லை. தறியின் ஒலியிலிருந்தே எந்த இழை அறுந்தது என்று சொல்லும் நெசவாளர், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தால் எந்த மீன் கரைப்பக்கம் வரும் என்று அறிந்த மீனவர், மருத்துவச்சி, கூத்து வாத்தியார் ஆகிய இவர்களெல்லாரும் ஏதாவது ஒரு துறையில் அரைநாள் பேராசிரியர்களாக இருக்கத் தகுந்தவர்கள். அவர்கள் நம்மை விட்டுப் போகும்போது எவையெவை அவர்களோடு போகின்றன என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

இங்கே என் மனத்தை அதிகமாக வருத்துகிற ஒரு யோசனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓய்வு என்பதே நம் நாட்டில் ஒரு சிறுபான்மையோரின் சொத்து. உபகாரச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் ஓய்வு உண்டு. கழனியில் குனிந்து நாற்று நடுகிற கிழவிக்கும், பூக்கடையில் இரவு பத்து மணிவரை சரம் தொடுக்கிறவளுக்கும், உடம்பு முற்றாக மறுக்கும் நாள்வரை வேலை நிற்பதில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 100க்கு 10 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த விகிதம் வளர்ந்துகொண்டே வருகிறது. அவர்களுள் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள், அதிலும் பெண்கள், எத்தனையோ பேர். முதியோர்க்கான உயர்கல்வி என்று நாம் பேசும்போது இவர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறோமா? சர்வகலாசாலைக் கட்டிடத்தை விடியற்காலையில் பெருக்கிச் சுத்தம் செய்யும் வயதான பெண்மணிக்கு, துடைப்பத்தோடு நுழையும்போது மாத்திரமே அந்த வகுப்பறை திறந்திருக்கிறது. பாடம் ஆரம்பிக்குமுன் அவள் வெளியேறிவிட வேண்டும். கேரளத்தில் ஆலப்புழை ஜில்லாவில் சேப்பாடு என்னும் ஊரைச் சேர்ந்த கார்த்தியாயனி அம்மா, கோயில்களில் பெருக்கித் துடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், 2018இல் தம்முடைய 96ஆம் வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100க்கு 98 பெற்றார். நாடெங்கும் அந்தச் செய்தியைக் கண்டு வியந்தார்கள். வியப்பதற்குரியதுதான். ஆனால் அந்த வியப்பு நம்மை எளிதில் தப்பவிட்டுவிடுகிறது. 96 வயதுவரை எழுத்து ஏன் அவரை வந்தடையவில்லை என்று கேட்காமல், 96 வயதில் அவர் எழுத்தைச் சென்றடைந்ததைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கற்பதில் அவருக்கிருந்த தாகம் அந்த வயதில் பிறந்ததாக இருக்க முடியாது. அது அத்தனை வருஷமும் அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

முதுமையில் கற்றவர் என்று தமிழர்களுக்கு வேறொரு நாட்டிலிருந்து உதாரணம் தேட வேண்டிய அவசியமில்லை. உ. வே. சாமிநாதையர் 1919இல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குறுந்தொகைப் பதிப்பை அவர் வெளியிட்டது 1937இல், 82ஆம் வயதில். 1940இல் தம் சரித்திரத்தை வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கி, 1942இல் காலமாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறாமலே நின்றது. ஓய்வுக்குப் பிந்திய அந்த 23 வருஷங்களில் அவர் செய்ததை, பொழுதுபோக்கென்றோ ஆரோக்கியத்துக்கான பழக்கமென்றோ யாராவது சொல்லத் துணிவார்களா? அவர் தனியாகவும் உட்கார்ந்திருக்கவில்லை. கி. வா. ஜகந்நாதனைப் போன்ற வாலிபர்கள் அவர் அருகில் இருந்து, ஏடு பார்த்து, பிரதி எழுதி, ஒப்புநோக்கினார்கள். மங்கிக்கொண்டுவந்த கண்களுக்கு இளங்கண்கள் துணைநின்றன. இளங்கண்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் பழங்கண்கள் காட்டின. அந்தச் சிறு கூடத்தில் கற்பதும் கற்பிப்பதும் தொண்டும் ஒரே காரியமாக இருந்தன. அப்படிப்பட்ட கூடம் பாக்கியவான்களுக்கு மாத்திரம் வாய்ப்பதாக இல்லாமல், கேட்கிற எவருக்கும் கிடைப்பதாக ஏற்பாடு செய்வதற்குத்தானே சர்வகலாசாலை என்ற ஸ்தாபனமே இருக்கிறது?

சாகும்வரை ஒருவன் கற்காமல் இருப்பது ஏன் என்று வள்ளுவர் கேட்டபோது, கற்றவனுக்கு எல்லா நாடும் எல்லா ஊரும் சொந்தமாகின்றன என்பதையே காரணமாகச் சொன்னார். உத்தியோகத்தைச் சொல்லவில்லை, தேக சுகத்தையும் சொல்லவில்லை. நம் நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேர மேல்வயது வரம்பு கிடையாது என்பது உண்மை. தபாலில் பாடம் வரும், பரீட்சை எழுதலாம், பட்டமும் பெறலாம். ஆனால் பட்டம் வேண்டாதவருக்கும், தபாலில் வராத மனிதசகவாசம் வேண்டியவருக்கும், தமக்குத் தெரிந்ததை யாரிடம் ஒப்படைப்பது என்று தவிக்கிறவருக்கும் அது போதாது. ஒவ்வொரு துறையும் தன் வழக்கமான வகுப்பில் சில இடங்களை 60 கடந்தவர்களுக்கு ஒதுக்கட்டும். பரீட்சையும் கட்டணமும் முன்தகுதியும் கேட்க வேண்டாம். படி ஏற முடியாதவருக்காக வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும், கூடம் பெருக்குகிறவரையும் விலக்காமல், கூலி குறையாமல் வந்து உட்காரும்படி ஏற்பாடு செய்யட்டும். அதற்கு ஈடாக அவர்களிடம் ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கட்டும்: தாங்கள் அறிந்தது எதுவோ அதை அந்த வகுப்பின் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. தாங்கள் நாடப்படுகிறோம் என்று அறிந்தால் அவர்கள் வருவார்கள். இதை வாசிக்கிறவர் அந்த வயதை எட்டியவரானால், அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஊர்க் கலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் எதைக் கற்க விரும்புகிறார், எதைக் கற்பிக்க முடியும் என்ற இரண்டையும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.